விளையும் பயிரும் விளைநிலமும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்னும் முன்னோர் வாக்கைப் பெரம்பலூர்ப் பக்கத்துக் குடியானவர் ஒருவரிடம், அவர் சின்ன வெங்காயத்துக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும் வயலோரத்தில் நின்று சொன்னால், அவர் அதை மறுக்கமாட்டார். ஆயினும் முளையைப் பார்த்ததுபோல் மண்ணையும் பார்த்தீர்களா, கிணற்றில் எத்தனை நாளைக்கு நீர் நிற்கும் என்று கேட்டீர்களா, போன வருஷம் இதே கொல்லையில் என்ன விளைந்தது என்று விசாரித்தீர்களா என்று கேள்விகளை அடுக்குவார். முளை ஒரு நாளின் காட்சி. விளைச்சல் ஒரு பருவத்தின் சரித்திரம். அந்தக் காட்சியைக் கொண்டு இந்தச் சரித்திரத்தை எவ்வளவு தூரம் அநுமானிக்கலாம் என்னும் பிரச்சினை, விளையாட்டுலகில் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்றவர்கள் அனைவரையும் நெடுங்காலமாக வருத்தி வருகிறது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் இருபத்திரண்டு வயதில் எத்தகைய ஆட்டக்காரனாவான், கடல் கடந்து அழைத்து வரும் அயல்நாட்டு வீரர் நம் அணிக்கு எவ்வளவு பயன்படுவார் என்னும் இரு கேள்விகளையும் பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களின் நிலையை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கேள்விகளை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கப் பேஸ்பால் அணியினர். 1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நிர்வகித்த பிராஞ்ச் ரிக்கி, தேர்ந்த வீரர்களை விலைகொடுத்து வாங்கும் செல்வம் தம் அணிக்கு இல்லாமையால், சிற்றூர்களில் ஆடிவந்த சிறிய அணிகளைத் தம் ஆளுகைக்குள் கொண்டுவந்து, அங்கே இளைஞர்களைப் பழக்கிப் படிப்படியாக மேலே ஏற்றும் முறையை ஏற்படுத்தினார். வறுமையின் நிர்ப்பந்தத்தில் பிறந்த அந்த ஏற்பாடே இன்று அந்நாட்டின் பொது நியதியாகிவிட்டது. முதல்நிலைச் சங்கத்தின் 30 அணிகளில் ஒவ்வொன்றின் கீழும் நான்கு படிகளில் நான்கு அணிகள், ஆக 120 மைனர் லீக் அணிகள், 2021 முதல் இயங்கி வருகின்றன. உள்நாட்டு இளைஞர்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் வருடாந்தரத் தேர்வு 1965இல் தொடங்கியது. இப்போது அதில் 20 சுற்றுகள் நடைபெறுவதால், ஆண்டுதோறும் ஏறத்தாழ அறுநூறு பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். உச்சியில் உள்ள ஓர் அணியிலோ ஒரு சமயத்தில் 26 பேருக்கே இடம் உண்டு. அறுநூறு பேரில் யார் அந்த உச்சிக்கு ஏறுவார் என்று முன்கூட்டிச் சொல்வதற்குத் தேர்வாளர்கள் இருபதிலிருந்து எண்பது வரையுள்ள ஓர் அளவுகோலைக் கையாள்கிறார்கள். ஐம்பது என்பது முதல்நிலைச் சங்கத்துச் சராசரி வீரரின் திறன். அடிக்கும் திறன், அடியின் வலிமை, ஓட்டம், எறியும் கரம், பந்து தடுத்தல் என்னும் ஐந்துக்கும் தனித்தனியே மதிப்பெண் இடும்போது, இன்றைய நிலைக்கு ஓர் எண்ணும் எதிர்கால நிலைக்கு வேறோர் எண்ணும் எழுதுகிறார்கள்.

இந்த இரட்டை எண்ணே அம்முறையின் உயிர் என்று நான் கருதுகிறேன். இன்றைய எண் பிரத்தியட்சம். யார் வந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் எழுதுவார்கள். எதிர்கால எண் அநுமானம். அதை எழுதுகிறவர் தம் அறிவையும் அநுபவத்தையும் பணயம் வைத்து எழுதுகிறார். அவர் எழுதியது காகிதத்தில் நிலைத்திருப்பதால், பத்து ஆண்டுக்குப் பின் அதை எடுத்துப் பார்த்து, அவர் கண் எங்கே கூர்மையாக இருந்தது, எங்கே மங்கியது என்று சோதிக்க முடிகிறது. மதிப்பிட்டவரையும் மதிப்பிடுவதற்கு இடம் வைத்திருப்பதால்தான் அம்முறை தன் பிழைகளிலிருந்து பாடம் பெறுகிறது.

பிழைகளோ பல. 1988ஆம் ஆண்டுத் தேர்வில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியினர் மைக் பியாட்சா என்னும் இளைஞரை 62ஆம் சுற்றில், 1,390ஆவது ஆளாக எடுத்தார்கள். அவரே பிற்காலத்தில் கேட்சர் இடத்தில் ஆடியவர்களுள் தலைசிறந்த அடியாளர் என்று போற்றப்பட்டு, 2016இல் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். அதே அணியினர் டொமினிக்கன் குடியரசிலிருந்து சேர்த்த பெட்ரோ மார்ட்டினஸை, உடல் மெலிந்தவர், நெடுநேரம் பந்தெறியும் பளுவைத் தாங்கமாட்டார் என்று ஐயுற்று, 1993இல் மாண்ட்ரியால் அணிக்கு மாற்றிவிட்டார்கள்; அவர் சிறந்த பந்தெறிபவருக்குரிய சை யங் விருதை மூன்று முறை பெற்றார். வெனிசுவேலாவில் ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியினர் நடத்திய தேர்வு முகாமிலிருந்து, உயரம் போதாது என்று ஹோசே அல்துவே முதல் நாளே திருப்பி அனுப்பப்பட்டார். தந்தையின் தூண்டுதலால் மறுநாளும் வந்து நின்று, 2007இல் வெறும் 15,000 டாலருக்கு ஒப்பந்தமாகி, பத்தாண்டு கழித்து, 2017இல் தம் சங்கத்தின் மிகச் சிறந்த வீரராக விளங்கினார். இவர்களுள் மார்ட்டினஸும் அல்துவேயும் கண்ணுக்குத் தெரிந்த உடலை வைத்துக் கண்ணுக்குத் தெரியாத ஆற்றலை அளந்ததால் ஏற்பட்ட பிழைக்குச் சாட்சிகள். உயரமும் பருமனும் அளக்க எளியவை. கற்கும் வேகம், தோல்வியின் பின் மீளும் மனத்திண்மை, பந்து வருமுன்பே அதன் போக்கை உணரும் நுண்ணறிவு ஆகியவை அளக்க அரியவை. அளக்க எளியது முக்கியம் என்று தோன்றிவிடுவது மனித சுபாவம்.

அயல்நாட்டு இளைஞரைச் சேர்ப்பதில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. பதினாறு வயதளவிலேயே ஒப்பந்தம் செய்துகொள்ள விதிகள் இடம் தருவதால், டொமினிக்கன் குடியரசில் ஒவ்வோர் அணியும் தனக்கென ஒரு பயிற்சிக் கூடத்தை நடத்துகிறது. டாட்ஜர்ஸ் அணி 1987இல் அமைத்த காம்போ லாஸ் பால்மாஸ் என்னும் கூடம் இவ்வகையில் முன்மாதிரியாயிற்று. பதினாறு வயதுப் பையனுக்குக் கிடைக்கும் பணம் இருபது வயது இளைஞருக்குக் கிடைக்காது என்னும் நிலையில், வயதைக் குறைத்துக் காட்டும் தீமை வேரூன்றியது. 2006இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி 14 லட்சம் டாலர் கொடுத்துச் சேர்த்த ஒரு வீரர், தாம் சொன்ன பெயருக்கும் உரியவரல்லர், சொன்ன வயதைவிட நான்கு ஆண்டு மூத்தவர் என்பது 2009இல் வெளிப்பட்டது. பதினாறு வயதில் வியக்கத்தக்கதாகத் தோன்றும் ஆட்டம் இருபது வயதில் சாதாரணமானது; வயது பொய்த்தால் மதிப்பீடு முழுவதும் பொய்த்துவிடும்.

நம் நாட்டவர் இருவரும் இந்தச் சோதனைக்கு உட்பட்டார்கள். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்னும் ஈட்டி எறியும் இளைஞர்கள், அமெரிக்க முகவர் ஜே. பி. பெர்ன்ஸ்டீன் இந்தியாவில் நடத்திய பந்தெறியும் போட்டியில் தேறி, அமெரிக்காவில் டாம் ஹவுஸ் என்னும் புகழ்பெற்ற பயிற்றுநரிடம் சில மாதம் பயின்று, 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலில் ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியர்கள் அவர்களே. தினேஷ் 2010இன் இறுதியில் விடுவிக்கப்பட்டார். ரிங்கு மேலும் சில ஆண்டு கீழ்நிலை அணிகளில் முன்னேறி, காயங்களால் தடைப்பட்டார். அந்தப் போட்டி எறியும் கரத்தின் வேகத்தையும் குறியையும் சரியாகவே அளந்தது. அமெரிக்கச் சிறுவன் ஆறு வயதிலிருந்து ஆடி ஆடிச் சேமித்துக்கொள்ளும் ஆட்ட ஞானத்தை அளப்பதற்கு அதில் வழியில்லை. அதைச் சில மாதத்தில் ஊட்டவும் ஒருவராலும் இயலாது. அவ்விருவரும் அடைந்த உயரம் மெச்சத்தக்கது; அவர்கள் எட்டாத உயரத்துக்குக் காரணம் அவர்களிடம் இருந்த குறையன்று, அவர்கள் வளர்ந்த சூழ்நிலையில் அந்த ஆட்டமே இல்லாமைதான்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். ஏழாண்டு இடைவெளிக்குப் பின் 2024இன் இறுதியில் மீண்டும் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக், அணியமைப்பில் விதித்த நியதி பேஸ்பால் அணியின் இரு பிரச்சினைகளையும் ஒரே ஏலத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. ஓர் அணிக்கு 24 வீரர்கள். அவர்களுள் குறைந்தது 16 பேர் இந்தியர், அந்தப் பதினாறில் நால்வர் கட்டாயம் ஜூனியர் வீரர்கள், எஞ்சிய எட்டு இடம் அயல்நாட்டவருக்கு. 2024 அக்டோபரில் தில்லியில் நடந்த ஏலத்தில் தமிழ்நாடு டிராகன்ஸ் அணியினர், பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நெதர்லாந்து அணியின் யிப் யான்சனை, பெனால்டி கார்னரில் அவர் காட்டும் வல்லமைக்காக, 54 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார்கள். அயர்லாந்தின் டேவிட் ஹார்ட்டை, முப்பத்தாறு வயதில், கோல்காப்பாளராகச் சேர்த்தார்கள். இவ்விருவரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவானவை. இந்தப் பருவத்தில், இந்தப் பணியை, இந்தச் சக வீரர்களோடு சேர்ந்து இவர் செய்வாரா, தம் நாட்டுக் கடமைகளுக்கிடையே நமக்குக் கிடைப்பாரா என்று விசாரித்தால் போதும். ஹார்ட் நாற்பது வயதில் எப்படியிருப்பார் என்பது எவருக்கும் கவலையில்லை. ஜூனியர் வீரரைப் பற்றிய கேள்வியோ முற்றிலும் வேறு ஜாதி. அவர் இன்று செய்வது சொற்பம். நாளை செய்யப்போவதற்காகவே அவர் அங்கே நிற்கிறார். முன்னவருக்குரிய அளவுகோலைக் கொண்டு பின்னவரை அளப்பது நம் தேர்வுகளில் அடிக்கடி நேரும் தவறு.

அதே டிராகன்ஸ் அணியில் இடம்பெற்றவர் அரியலூரைச் சேர்ந்த செல்வம் கார்த்தி. எளிய குடும்பத்தில் பிறந்து, சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டு ஆலைகளும் நிறைந்த ஊரில் வளர்ந்த அவர், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோவில்பட்டியில் நடத்தும் ஹாக்கி விடுதியில் பயின்று உருவானார். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில், சர்தார் சிங் பயிற்றுவித்த இளம் இந்திய அணியில், இருபது வயதை ஒட்டிய இளைஞராக, பாகிஸ்தானுக்கு எதிராக முதன்முதலில் ஆடி, அந்த ஆட்டத்திலேயே கோல் அடித்தார். 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் திடலில் நடந்த ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பையில் மலேசியாவுக்கு எதிராக முதல் கோலை அவர் அடித்தபோது, தமிழ் மக்கள் தம் வீட்டுப் பிள்ளையைக் கண்டதுபோல் பூரித்தார்கள். கோப்பையும் இந்தியாவுக்கே கிடைத்தது. ஆயினும் சில வாரத்தில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்குச் சென்ற அணியிலும், மறு ஆண்டு பாரிஸ் சென்ற அணியிலும் அவருக்கு இடம் அமையவில்லை. வளர்ச்சி நேர்க்கோடாகச் செல்வதில்லை என்பதற்கு இதைவிட அண்மையான உதாரணம் வேண்டியதில்லை. ஓராண்டுப் பின்னடைவைக் கண்டு இளைஞரைக் கைவிடும் ஸ்தாபனம், ஓராண்டு வெற்றியைக் கண்டு அவரைத் தலைமேல் தூக்கும் ஸ்தாபனத்தைப் போலவே அவசரத்தின் அடிமை.

இந்த வரலாற்றில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது கோவில்பட்டியின் பங்கு. அரியலூருக்கும் கோவில்பட்டிக்கும் இடையே ஏறக்குறைய 300 கிலோமீட்டர். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி ஆண்டுதோறும் நடந்து, பெரிய அணிகளின் ஆட்டத்தைச் சிறுவர்கள் கண்ணாரக் கண்டு பழகும் ஊர் அது. செயற்கை இழைத் திடலும் உண்டு, மூத்த ஆட்டக்காரர்களின் கண்காணிப்பும் உண்டு. ஜகார்த்தாவில் கார்த்தியோடு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேலும் அவ்வூர்க்காரரே. ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டமும் இவ்வாறே விளங்குகிறது. இந்திய அணியில் ஆடிய திலீப் திர்க்கியும், தமிழ்நாடு டிராகன்ஸ் அணியில் ஆடிய அமித் ரோகிதாஸும் அங்குள்ள சௌனாமாரா என்னும் ஒரே சிற்றூரில் தோன்றியவர்கள். ஒரு கிராமத்தில் மட்டும் பிறவித் திறன் பெருகியது என்று நம்புவதற்கு ஆதாரமில்லை. ஆட்டம் வாழும் இடத்தில் ஆட்டக்காரர்கள் தோன்றுகிறார்கள் என்று கொள்வதே அறிவுடைமை. ஆகவே ஓர் இளைஞரை மதிப்பிடுகிறவர், இவர் எவ்வளவு ஆடுகிறார் என்பதோடு, எவ்வளவு வாய்ப்புக் கிடைத்து இவ்வளவு ஆடுகிறார் என்றும் கேட்க வேண்டும். மண் திடலில் இரண்டாண்டு ஆடியவரும் செயற்கைத் திடலில் ஆறாண்டு ஆடியவரும் இன்று சமமாக ஆடுவார்களானால், எதிர்கால எண்ணில் முன்னவரே மிகுதியும் மதிக்கத்தக்கவர்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இப்போதுள்ள ஏற்பாடுகள் அலட்சியப்படுத்தத் தக்கவை அல்ல. 1992இல் நிறுவப்பட்ட விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுள் மாணவியருக்கானது ஒன்று பெரம்பலூரிலும் மாணவருக்கானது ஒன்று அரியலூரிலும் இருக்கின்றன. ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்று ஆகிய வகுப்புகளில் சேர்க்கை நடக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் சிறுவர் சிறுமியரின் ஓட்டத்தையும் தாண்டுதலையும் குண்டு எறிதலையும் சோதிக்கும் உலகத் திறனாய்வுத் திட்டமும், பள்ளி, கல்லூரி, மாற்றுத்திறனாளிகள், அரசு ஊழியர், பொதுமக்கள் ஆகிய எல்லோரையும் மாவட்டத் திடலுக்கு அழைக்கும் முதலமைச்சர் கோப்பைப் போட்டியும் நடைபெறுகின்றன. வலை அகலமாகவே விரிக்கப்படுகிறது. எனினும் அகப்பட்டதை நிறுக்கும் தராசில்தான் திருத்தம் தேவைப்படுகிறது.

ஏழாம் எட்டாம் வகுப்பு என்பது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. ஆண்பிள்ளைகள் விரைந்து உயரும் உச்சப் பருவம் சராசரியாகப் பதினான்கு வயதை ஒட்டியும், பெண்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டை ஒட்டியும் வருகிறது என்பது உடலியல் கண்ட உண்மை. எனவே அரியலூர் விடுதிக்கு வரும் சிறுவர் கூட்டத்தில், பருவம் முந்தி வந்தவன் தலை உயர்ந்து நிற்பான். பிந்தி வருபவன் அவன் தோளளவே இருப்பான். நூறு மீட்டர் ஓட்டத்திலும் குண்டு எறிதலிலும் முந்தியவனே வெல்வான்; அந்த வெற்றியில் திறன் எவ்வளவு, பருவம் எவ்வளவு என்று ஒரு நாள் சோதனையால் பிரித்தறிய முடியாது. மூன்றாண்டு சென்றபின் பிந்தியவன் உயரத்தில் அவனை எட்டிவிடுவான். அதற்குள் விடுதியின் கதவு அடைபட்டிருக்கும். கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்பவர் தம் கூட்டாளிகளுடன் 1985இல் வெளியிட்ட ஆய்வில், பனித்தரை ஹாக்கியின் இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டினார். ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவன் என்பதே அதன் காரணம். நம் ஊர்களில் பள்ளியில் சேர்க்கும் சௌகரியத்துக்காக வாத்தியார் எழுதிவைத்த மே, ஜூன் மாதப் பிறந்த தேதிகள் இன்னும் முற்றிலும் மறையாத நிலையில், இக்குழப்பம் மேலும் ஆழமாகிறது.

பெரம்பலூருக்கு வரும் சிறுமியரின் நிலை வேறுபட்டது. அவ்வயதில் பெரும்பாலோர் உயரும் பருவத்தின் உச்சத்தைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். ஆகவே உயரத்தை நம்பி எதிர்காலத்தைச் சொல்வது அவர்கள் விஷயத்தில் ஓரளவு பொருந்தும். அவர்களைப் பின்னுக்கு இழுப்பது பெரும்பாலும் இரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளானவர்கள். நானூறு மீட்டரில் கடைசி நூறில் தளர்ந்துபோகும் சிறுமியிடம் குறைவது ஊக்கமா இரும்புச் சத்தா என்பதை ஒரு துளி இரத்தம் சொல்லிவிடும். அதைக் கேளாமல் அவளைத் திருப்பி அனுப்புவது அநியாயம்.

ஆகையால் இவ்விரு மாவட்டங்களுக்கும் வேண்டுவது, ஆறாம் வகுப்பிலிருந்து தொடர்ந்து எழுதப்படும் ஒரு வளர்ச்சிப் பதிவேடு. பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு குழந்தைக்கும் அளித்துள்ள எமிஸ் எண்ணோடு அதை இணைத்துவிட்டால், பள்ளி மாறினாலும் பதிவு மாறாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம், எடை, பெற்றோர் உயரம், இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு, எத்தனை ஆண்டு, எத்தகைய திடலில் ஆடினான் என்னும் விவரம், இவற்றோடு, புதியதொரு நுணுக்கத்தைச் சொல்லிக்கொடுத்தால் எத்தனை வாரத்தில் கைவருகிறது என்று உடற்கல்வி ஆசிரியர் தம் கையால் எழுதும் ஒரு குறிப்பு, இன்றைய எண், எதிர்கால எண் என்னும் இரண்டு ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி ஒன்றும் தேவையில்லை. தேர்வு நாளில் வரும் நிபுணர் ஒரு மணி நேரம் பார்க்கிறார். ஆசிரியரோ ஆண்டு முழுவதும் பார்க்கிறார். அவர் கண்டதை எழுதிவைக்க இடம் கொடுத்தால், நிபுணரின் ஒரு மணி நேரமும் பயனுள்ளதாகும். நிராகரிக்கப்பட்ட பிள்ளைகளையும் அப்பதிவேடு விட்டுவிடலாகாது. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை, பிந்தி வளர்ந்தவர்களுக்குரிய இரண்டாவது வாசலாகக் கருதி நடத்தப்பட வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின் தர்ம நியாயம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு பூர்த்தியாகாது. பேஸ்பாலின் கீழ்ப்படிகளில் ஆடும் இளைஞர்களுள் பெரும்பாலோர் உச்சியை எட்டாமலே வீடு திரும்புகிறார்கள். அவர்களுக்கு வீரர் தொழிற்சங்கத்தின் பாதுகாப்போடு கூடிய கூட்டு ஒப்பந்தம் முதன்முதலில் 2023இல்தான் வாய்த்தது, அதனால் அவர்கள் ஊதியமும் பெரிதும் உயர்ந்தது. நூறாண்டாக நுட்பமாக அளக்கக் கற்ற ஸ்தாபனங்கள், அளக்கப்பட்டவர்களின் வயிற்றை நினைக்க அத்தனை காலம் எடுத்துக்கொண்டன. நாம் அந்த நுட்பத்தை ஏற்கும்போது அந்த மறதியையும் சேர்த்து ஏற்க வேண்டியதில்லை. நம் விடுதிகள் பள்ளிப் படிப்போடு பிணைந்திருப்பது பெரிய நன்மை. தேசிய அணியை எட்டாத மாணவனும் மாணவியும் படிப்பையும் உடல்நலத்தையும் இழக்காமல் வெளிவரும்படி காப்பது தேர்வாளர் கடமையின் பாதி. தாம் தேர்ந்தெடுத்த பிள்ளைகள் என்ன ஆனார்கள், தாம் ஒதுக்கிய பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பத்தாண்டுக்குப் பின் பதிவேட்டைத் திறந்து பார்த்து ஊரறியச் சொல்லும் துணிவு அவர்களுக்கு வர வேண்டும். அத்துணிவு உள்ள இடத்தில்தான் அடுத்த கார்த்தி அதிர்ஷ்டத்தை நம்பாமல் முறையான பயிற்சியால் உருவாவார்.